மூன்று முறை கூப்பிட்டேன்

அந்த ஏழாம் கேள்வியை இன்னொரு முறை வாசியுங்கள், அம்மா. "தங்கள் பணியில் தாங்கள் விரும்பியது என்ன, வெறுத்தது என்ன?" நல்ல கேள்வி. மற்றவையெல்லாம் பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, இரத்த அழுத்தம் உண்டா இல்லையா என்பவை. அவற்றை என் மருமகளே நிரப்பித் தந்துவிடுவாள். ஓய்வு பெற்ற ஊழியர்கள் அறுநூறு பேரிடம் இந்தத் தாளை நீட்டப் போவதாகச் சொன்னீர்கள். சம்பளம் போதவில்லை என்பார்கள். மேலதிகாரி கொடுமைக்காரர் என்பார்கள். யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். நான் என் பணியை விரும்பினேன். அதே பணியை வெறுத்தவன் ஒருவனும் என்னோடு இருந்தான். இருவரையும் அடுத்தடுத்து வைத்து எழுதினால் உங்கள் ஆய்வுக்குப் பயன்படும். காபி ஆறுகிறது, குடியுங்கள்.

நான் நீதிமன்றத்தில் டவாலியாக இருந்தேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம். வெள்ளை உடுப்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. நீதிபதி வரும்போது முன்னால் நடந்து வழிவிடச் செய்கிறவன். அது சிறு வேலை. பெரிய வேலை வேறு. வழக்குக்கு உரியவர்களின் பெயரை மன்றத்தின் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவது. மூன்று முறை. இரண்டு போதாது, நான்கு கூடாது. மூன்றாம் முறைக்கும் ஆள் வராவிட்டால், வரவில்லை என்று பதிவாகிவிடும். எதிர்த் தரப்பு சொல்வதை மட்டும் கேட்டு உத்தரவு போடுவார்கள். நீதிபதியின் பேனா நகர வேண்டுமானால் முதலில் என் குரல் ஓய வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதை எண்ணிப் பாருங்கள்.

பள்ளியை விட்டேனே தவிரப் படிப்பை விடவில்லை. ஒரு கையகராதியை முதலிலிருந்து கடைசி வரை மூன்று தடவை வாசித்திருக்கிறேன். பதிவறையில் பழைய தீர்ப்புகளை எடுத்துப் படிப்பேன். ழகரத்தையும் றகரத்தையும் என்னைப்போல் சொல்வதற்கு அந்த வளாகத்தில் வழக்கறிஞர் எவரும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூப்பிடுவதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். எங்கள் தாழ்வாரத்துக்கு எதிரே முற்றம். முற்றத்துக்கு அப்பால் பதிவறையின் பின்சுவர், சன்னலே இல்லாத பெருஞ்சுவர். நான் தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அந்தச் சுவரை நோக்கி நிற்பேன். மோவாயை உயர்த்துவேன். கண்களை மூடிக்கொள்வேன். பிறகு கூப்பிடுவேன். குரல் போய்ச் சுவரில் பட்டு, ஒரு மூச்சு தங்கி, திரும்பி வரும். அது அடங்கிய பிறகுதான் இரண்டாம் முறை. வெளியே சாலையில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். "சிதம்பரவேல் கூப்பிட்டா செத்தவனும் ஆஜராயிருவான்" என்று வழக்கறிஞர்கள் கேலி பேசுவார்கள். கேலிதான். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. மறைப்பானேன்?

மாசானம் என்பவன்தான் அந்த இன்னொருவன். என்னைவிட நான்கு வயது இளையவன். எங்களுக்குள் முறை வைத்து வாசலில் நிற்போம். அவன் அந்த வேலையை வெறுத்தான். தினமும் காலையில் சிவப்புப் பட்டையைத் தோளில் மாட்டும்போதே தொடங்கிவிடுவான்.

"நாய்ப் பொழப்பு அண்ணாச்சி. ஊர்ப்பேரெல்லாம் நம்ம வாயில கெடக்கு. நம்ம பேரு ஒருத்தனுக்கும் தெரியல. 'ஏ டவாலி'ங்கான்."

"பதவியின் பெயரைச் சொல்லி அழைப்பது இழிவு அல்ல, மாசானம்."

"ஒங்களுக்கு இழிவு இல்ல. எனக்குக் காது கூசுது. ஆறு ஆடு வாங்கி மேச்சிருந்தா இன்னைக்கு அறுவது ஆயிருக்கும்."

அவன் குரல் உடைந்த குரல். பெயர்களைக் கடித்துத் துப்புவான். மூன்று முறை ஒழுங்காகக் கூப்பிட்டதே இல்லை. ஒரு தடவை கத்திவிட்டு, ஆள் எழவில்லை என்றால் படியிறங்கி ஓடுவான். தேநீர்க் கடையில் பார்ப்பான். கழிப்பறைக் கதவைத் தட்டுவான். "ஏ வேலம்மாக்கா, ஒங்க நம்பரு வந்துட்டு, டீயக் கீழ வச்சிட்டு ஓடியா!" என்று இழுத்துக்கொண்டு வருவான். உள்ளே நீதிபதி காத்திருப்பார். இதற்காக அவனுக்கு இரண்டு தடவை விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எனக்கு ஒரு குடியரசு நாளில் நற்சான்று வந்தது. அதோ சுவரில் இருக்கிறது.

"ஆளைத் தேடி ஓடுவது டவாலியின் கடமையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வராட்டா அந்தக் கெழவிக்குக் கேசு போயிருமே, அண்ணாச்சி."

"போனால் சட்டப்படி போகிறது."

"நல்லாக் கூப்புடுதிய. அது மட்டும் நெசம்" என்றான். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான்.

நீங்கள் எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள். இனிமேல்தான் உங்கள் கேள்விக்கு விடை வருகிறது.

ஒரு பெண் இருந்தாள். தங்கபுஷ்பம் என்று பெயர். பீடி சுற்றிப் பிழைத்தவள். முப்பது வயது ஆகியிராது. கணவன் ஆறுமுகநயினார் லாரி ஓட்டுகிறவன், அவளைப் பிரிந்து தனியே இருந்தான். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, பூங்கனி. குழந்தை தாயிடம் இருந்தது. அதைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவன் மனுப் போட்டிருந்தான். காரணம் என்ன எழுதியிருந்தான் என்றால், தாய்க்குச் சிறு வயதுக் காய்ச்சலில் செவிப்புலன் போய்விட்டது, குழந்தை அழுதாலும் கேட்காது, வீடு தீப்பிடித்தாலும் கேட்காது, அத்தகையவளிடம் குழந்தை இருப்பது ஆபத்து என்று. உண்மையில் அந்தக் குழந்தைதான் அவளுக்குக் காது. யாராவது கதவைத் தட்டினால் சேலையைப் பிடித்து இழுக்குமாம். இவற்றையெல்லாம் நான் பிற்பாடு வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்துத்தான் அறிந்தேன். அவளுக்குக் காது கேட்காது என்பதை எனக்கு யாரும் முறையாகத் தெரிவிக்கவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. வழக்கறிஞர்கள் பணியைப் புறக்கணித்திருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் கட்சிக்காரர்கள் தாங்களே வந்து நின்றால் போதும், அடுத்த வாய்தா கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வராவிட்டால்தான் தொல்லை. அன்று அறுபத்து மூன்று வழக்குகள். நீதிபதி புதியவர், கண்டிப்பானவர். மாசானம் வழக்குக் கட்டுகளை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டான். அதற்கு முந்திய வாய்தாக்களிலெல்லாம் அவன் முறைதான். அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று, முகத்தைக் காட்டி, பெஞ்சைத் தட்டிக் கூட்டிப் போவானாம். டவாலி பெஞ்சைத் தட்டுவது எங்கும் கேள்விப்படாத வழக்கம்.

தங்கபுஷ்பம் என்ற பெயரை நீங்கள் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம். மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். இழுத்துக் கூப்பிடுவதற்கென்றே அமைந்த பெயர். பதினோரு மணி இருக்கும். வாசலுக்கு வந்தேன். சுவரை நோக்கி நின்றேன். கண்களை மூடினேன். கூப்பிட்டேன். சுவர் அதை முழுசாக வாங்கி முழுசாகத் திருப்பித் தந்தது. இரண்டாம் முறை அதைவிட நன்றாக வந்தது. மூன்றாம் முறை, அம்மா, அடக்கத்தோடு சொல்கிறேன், அதுவரையிலான என் முப்பத்தோராண்டுப் பணியில் அதுதான் மிகச் சிறந்த அழைப்பு. எதிரொலி அடங்கும்வரை அப்படியே நின்றேன். பிறகு உள்ளே போய், "மூன்று முறை அழைத்தாயிற்று ஐயா, ஆள் இல்லை" என்றேன். பெஞ்ச் கிளார்க் எழுதிக்கொண்டார். குழந்தையைத் தகப்பனிடம் ஒப்படைக்குமாறு உத்தரவாயிற்று. நான்கு நிமிடம்.

அடுத்த பெயரைக் கூப்பிட வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். எட்டடி தூரத்தில், பெஞ்சின் ஓரத்தில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பியதும் எழுந்து நின்று கும்பிட்டாள். தன் முறை எப்போது வரும் என்று என் வாயைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். மரியாதைக்குப் பதில் மரியாதை. உட்கார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மாலை ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தாள்.

நான் உள்ளே திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. பதிவான ஒன்றை டவாலி போய் மாற்றச் சொல்வதா? அதோடு அறுபத்து மூன்று வழக்குகள்.

சரி, ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். முறையாகத் தெரிவிக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? மாசானம் சொன்னான். காலையில் பேருந்துக்குப் புறப்படும் அவசரத்தில், கட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னான். "அண்ணாச்சி, அந்தப் பீடிக்காரப் பிள்ளைக்குக் காது கேக்காது. ஒங்க செவுத்தப் பாத்துக் கூப்புடாதிய. மூஞ்சியக் காட்டிக் கூப்புடுங்க, வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிடுவா." என்ன சொன்னான், பாருங்கள். 'ஒங்க செவுத்த.' எனக்கே கூப்பிடக் கற்றுக் கொடுக்கிறான். அதைத் தெரிவித்தல் என்று நான் கொள்ளவில்லை.

மறுநாளே தகப்பன் உத்தரவு நகலோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஊருக்குள்தான், தன் அக்காள் வீட்டில் வைத்திருந்தான். அவள் அந்த உத்தரவை நீக்கக் கோரி மனுப் போட்டாள். 'அன்றைய தினம் நான் நீதிமன்றத்திலேயே இருந்தேன், கூப்பிட்டது காதில் விழவில்லை' என்று. மனு விசாரணைக்கு வந்தது. அன்று அங்கே அவள் இருந்தாளா இல்லையா, அது ஒன்றுதான் கேள்வி. இருந்தாள் என்று தெரிந்தால் குழந்தை சாயங்காலமே வீடு திரும்பியிருக்கும். சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

மாசானம் காலையிலேயே வந்து என் கையைப் பிடித்தான்.

"ஒரு வார்த்த, அண்ணாச்சி. 'இங்கதான் இருந்தா, நான் அப்பறம் பாத்தேன்'னு சொல்லிருங்க. ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போவும்?"

"நான் கூப்பிட்டு ஒருத்திக்குக் கேட்கவில்லை என்று என் வாயாலேயே சொல்லச் சொல்கிறாயா?"

"கேக்காதவளுக்கு எப்படிவே கேக்கும்!"

'அண்ணாச்சி'யை விட்டுவிட்டு என்னை 'வே' போட்டுப் பேசினான். பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில் முதல் தடவை. அது என் மனத்தைப் புண்படுத்தியது. அந்த நிலையில்தான் உள்ளே போனேன்.

நீதிபதி கேட்டார்: "அந்தம்மா அன்னைக்கு இருந்தாங்களா?"

நான் சொன்னேன்: "மூன்று முறை கூப்பிட்டேன் ஐயா. கூப்பிட்டபோது நான் யாரையும் பார்க்கவில்லை."

இதில் பொய் எங்கே இருக்கிறது? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். கண்ணை மூடியிருந்தவன் யாரையும் பார்த்திருக்க முடியாது. எனவே பார்க்கவில்லை. சொல்லுக்குச் சொல் உண்மை. அவள் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தெளிவாக உச்சரிக்கிறவன். ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்திருக்கும்.

மனு தள்ளுபடி ஆயிற்று. மேல்முறையீட்டில் பதினாறு மாதம் கழித்து அவள்தான் வென்றாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நீதி கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் அதற்குள் அவன் லாரியை விற்றுவிட்டுக் குழந்தையோடு வடக்கே எங்கோ போய்விட்டான். அனுப்பிய நோட்டீசுகளெல்லாம் 'இந்த விலாசத்தில் இல்லை' என்று திரும்பி வந்தன.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வர ஆரம்பித்தாள். வழக்கு இல்லை, வாய்தா இல்லை. அதே பெஞ்சு, அதே ஓரம். ஒரு புகார் சொன்னதில்லை. ஒரு சாபம் இட்டதில்லை. காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து, மாலை வரை என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான். பொது இடம், எழுந்து போ என்று யார் சொல்ல முடியும்?

நான் சுவரை நோக்கித் திரும்பி நின்றால், பிடரியில் இரண்டு இடங்களில் வெயில் படுவதுபோல் இருக்கும். கண்ணை மூட முடியவில்லை. மூடினால் எனக்குப் பின்னால் இருப்பது முன்னால் வந்துவிடும். கண்ணைத் திறந்துகொண்டே கூப்பிட்டால் குரல் எழவில்லை. "என்ன சிதம்பரவேல், சளியா?" என்று நீதிபதி இரண்டு தடவை கேட்டார். இன்னொன்றும் நடந்தது. சொன்னால் முதுமையின் பிதற்றல் என்பீர்கள், ஆனால் அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான். நான் மூன்று முறை கூப்பிடுவேன். சுவர் மூன்று முறை திருப்பித் தரும். அப்புறம், நான் வாயை மூடிய பிறகு, நான்காவதாக ஒன்று வரும். என் குரல்தான். பெயர்தான் வேறு.

மாசானத்தைக் கேட்டேன். "இப்போது எத்தனை முறை கேட்டது?"

"யாரு எண்ணுனா? நானே வீட்டுக்குப் போற மணிய எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"நான்கு முறை கேட்டதா இல்லையா?"

"ஒங்களுக்கு ரெண்டு நாள் லீவு வேணும், அண்ணாச்சி." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவகிட்ட ஒரு தடவ போயிப் பேசிட்டு வாங்களேன்."

என்ன பேசுவது? பேசினால் கேட்காதே.

வீட்டில் இப்போது நான் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கவனித்திருப்பீர்கள், காபி கொண்டுவரச் சொல்லவும் கையைத்தான் தட்டினேன். பேரப்பிள்ளைகளை 'ஏய்' என்பேன். மருமகளுக்கு அதில் வருத்தம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பணியை வெறுத்தவன் மாசானம். கடைசி நாள் வரை வைதுகொண்டேதான் வேலை பார்த்தான். ஆனால் பாருங்கள், அவனுக்கு ஊரெல்லாம் கல்யாணப் பத்திரிகை வரும். வேலம்மாள் என்ற அந்தக் கிழவி ஆண்டுதோறும் அவனுக்குப் பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் பெயர் ஒருவருக்கும் தெரியாதாம்! எனக்கு அந்த நீதிமன்றத்தில் கட்சிக்காரர் ஒருவரும் ஒரு பத்திரிகை வைத்ததில்லை. விரும்பிச் செய்தவனுக்கு இல்லை, வெறுத்துச் செய்தவனுக்கு உண்டு. இது என்ன நியாயம் என்று உங்கள் ஆய்வில் ஓர் இடத்தில் நீங்கள் கேட்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற நாளும் செவ்வாய்க்கிழமையாக அமைந்துவிட்டது. அந்த அழைப்பு நடந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாலையில் எனக்குச் சால்வை போடுவதாக ஏற்பாடு. அன்றும் அவள் வந்திருந்தாள். நரை விழுந்திருந்தது. முற்பகலில் இரண்டு சகோதரர்களின் பாகப்பிரிவினை வழக்கு உள்ளே நடந்துகொண்டிருந்தது. எனக்கு வாசலில் வேலை இல்லை. அப்போது என் மனத்தில் ஓர் எண்ணம் தோன்றியது. முப்பத்தேழு ஆண்டுகளில் என் குரல் போய்ச் சேராத ஆள் ஒருத்திதான். அதையும் சேர்த்துவிட்டுப் போவோம் என்று. வேறு எந்த நோக்கமும் இல்லை. அதை நான் உறுதியாகச் சொல்லுவேன்.

சுவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். கண்களைத் திறந்துவைத்தேன். எட்டடி தூரம். உதடுகளை நன்றாக அசைத்து அவள் பெயரைக் கூப்பிட்டேன். அவள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ என்று. இரண்டாம் முறை கூப்பிட்டேன். கையை நெஞ்சில் வைத்து 'நானா?' என்பதுபோல் பார்த்தாள். மூன்றாம் முறை கூப்பிட்டேன்.

எழுந்தாள். அந்த முகத்தை எப்படி வருணிப்பது என்று எந்த அகராதியிலும் இல்லை. சேலையைச் சரிசெய்துகொண்டாள். கூந்தலை ஒதுக்கினாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடி வந்தாள். என்னைக் கடந்து வாசல்படியில் நின்று உள்ளே பார்த்தாள். மன்றம் முழுவதும் தேடினாள். நீதிபதியையோ வழக்கறிஞர்களையோ அவள் பார்க்கவில்லை. அவள் பார்வை இடுப்பளவு உயரத்தில் தேடிக்கொண்டே போயிற்று. ஆறு வயதுக் குழந்தையின் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில்.

வழக்கு நின்றுவிட்டது. "யாரும்மா நீங்க? என்ன வேணும்?" என்றார் நீதிபதி. பெஞ்ச் கிளார்க் பட்டியலைப் புரட்டி, அப்படியொரு பெயரே இன்று இல்லை என்றார். நீதிபதி என்னைப் பார்த்தார்.

"யாரைக் கூப்பிட்டீங்க, சிதம்பரவேல்?"

ஓய்வு பெறும் நாள், அம்மா. பணிப்பதிவேட்டில் ஒரு கறை இல்லாதவன். வழக்கே இல்லாதவளை மன்றத்துக்கு அழைத்தான் என்று கடைசி நாளில் எழுதினால் அது என்றைக்கும் நின்றுவிடும்.

"யாரையும் இல்லை, ஐயா" என்றேன்.

அவள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்புட்டாரு" என்றாள். அவள் குரலை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஏற்ற இறக்கம் இல்லாத, தன் அளவு தனக்கே தெரியாத பெருங்குரல். "என்னையக் கூப்புட்டாரு."

மாசானம் வந்து அவள் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்று, "வா தாயி, வெளிய வா" என்றான். அவள் அவன் கையை உதறினாள். அவனிடமும் அதையே சொன்னாள். பிறகு பெஞ்ச் கிளார்க்கிடம் போய்ச் சொன்னாள். வாசலில் நின்ற காவலரிடம் சொன்னாள். பாகப்பிரிவினைக்கு வந்திருந்த சகோதரர்கள் இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள், "என்னையக் கூப்புட்டாரு, இவருதான், இப்பத்தான்" என்று. ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் வாசலுக்கு வந்து, பட்டியலில் அடுத்திருந்த பெயரைக் கூப்பிட்டேன்.